மலருக்கும் எனக்கும் ஒரே தேதி

பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. என் குணம் அது. முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பயந்தேன், அழுதேன் என்பதற்கெல்லாம் முன்னால் பொறாமைப்பட்டேன் என்றுதான் எழுத வருகிறது. பொறாமை என் ஓரகத்தி மலர்மேல்.

சுனாமி வந்து மூன்றாவது வருஷம் வைகாசியில் எங்கள் கல்யாணம். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம். அண்ணனுக்கு நான், சுமதி, ஊர் சிதம்பரம். தம்பிக்கு மலர், ஊர் விருத்தாசலம். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. கொழுந்தனார் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். மாமியார் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் புடவை எடுப்பார், நிறம் மட்டும் வேறு. எனக்கு வந்த நிறம் எப்போதும் மலருக்கு வந்ததைவிட மட்டமாகவே எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்ததும் புதுப் பெண்களை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லவா, எங்களையும் அனுப்பினார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், கத்திரி வெயிலில் தாய்க்கும் ஆகாது, குடும்பத்துக்கும் ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம். ஆடி முடிந்து நாங்கள் இருவரும் கடலூருக்குத் திரும்பியபோது மலர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினாள். இரண்டு மாசம். வீடே அவளைச் சுற்றி நின்றது. எனக்கும் நாள் தள்ளியிருந்தது, ஆனால் வாந்தி இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒருத்தி வாந்தி எடுப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்னைக் கொண்டுவந்து விட்ட அம்மா மாமியாரிடம், "எங்க பொண்ணும் அதே கணக்குதான் சம்பந்தி" என்றார். வீட்டுப் பெரியவர்களுக்குள் சொல்லிக்கொள்கிற கணக்கு என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்தார்கள். மாமியாரும் வந்தார், அம்மாவும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். என்னை யூரின் எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். நான் திரும்பி வரும்போது நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே நாள்ல கல்யாணம், ஒரே தேதியா? நல்ல குடும்பம்மா."

என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வயிறு, என் பிள்ளை. ஆனாலும் பேசுவதற்கு எனக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பைல்களையும் மாமியார் தன் கைப்பையில் வைத்துக்கொள்வார்.

ஐப்பசி தொடக்கத்தில் டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். தாயின் ரத்தத்தில் மூன்று பொருள்களின் அளவைப் பார்ப்பார்களாம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பிறவியிலேயே சில குறைகள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேள்விப்படாத பரிசோதனை. மலருக்கு ஒரே குத்தில் ரத்தம் வந்தது. எனக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். அதிலும் அவள்தான் முந்தினாள் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

ரத்தம் சென்னைக்குப் போய் ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது. வெளியே விடாத மழை. டாக்டரம்மா மலருடையதைப் பார்த்து, "நார்மல்" என்று ஒரு பக்கம் வைத்தார். என்னுடையதைப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் அறைக்கு வெளியே, ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்று எழுதி மாட்டியிருந்த போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு உதறிவிடலாம் போல இருந்தது.

ஸ்கேன் பார்த்தபின் டாக்டரம்மா மாமியாரையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். என்னிடம், "வளர்ச்சி பத்தலம்மா, ரத்த டெஸ்ட்டும் சந்தேகமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை வீட்டுக்கு வந்து மாமியார் சொன்னார். பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கலாம். உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் குரோமோசோம் என்று நூல் மாதிரி இருக்கிறதாம், அதில் ஒன்று கூடுதலாக இருந்தால் வருவது. அப்படிப் பிறக்கிற பிள்ளைகள் மெதுவாக வளரும், மெதுவாகக் கற்கும், சிலருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் முடிவு வர வாரக்கணக்காகும். வேண்டாம் என்று முடிவெடுப்பதென்றால் இருபது வாரத்துக்குள் எடுக்க வேண்டும், சட்டம் அப்படி. எனக்கு அந்தக் கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை என்றார்கள். வாரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

"டெஸ்ட்டுக்குப் போயி அது வர்றதுக்குள்ள நாள் போயிடும்" என்றார் மாமியார். "வயசு இருக்குடி, இன்னொன்னு பெத்துக்கலாம்." அவர் கொடுமைக்காரி இல்லை. சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "சம்பந்தி சொல்றதும் சரிதான்" என்றார்.

மலர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், வயிற்றில் ஒரு கையை வைத்தபடி. அவள் வயிறு எடுப்பாகத் தெரிந்தது. எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவளிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அந்த 'நார்மல்' எனக்கு வேண்டும்.

என் வீட்டுக்காரர்தான், "சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரியில காட்டாம எதையும் செய்யக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றார். மறுநாள் காலை எனக்கு லேசாக ரத்தம் பட்டது. அதற்கப்புறம் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. கார் பிடித்துச் சிதம்பரம் போய் என்னை வார்டில் சேர்த்தார்கள்.

படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி நெருங்கியிருந்தது. எனக்கும் மலருக்கும் தலைதீபாவளி. ஜன்னலுக்கு வெளியே ஜவுளிக்கடை ஆட்டோ மைக் வைத்துக் கத்திக்கொண்டு போகும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். வார்டில் இருந்த எல்லா வயிற்றின்மீதும் எனக்குப் பொறாமை. இரட்டைப் பிள்ளை சுமந்தவளைப் பார்த்து, ஒன்று போனாலும் இவளுக்கு ஒன்று மிஞ்சுமே என்றுகூட நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனசு அவ்வளவு தூரம் போகும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா, இரண்டாவது பிரசவத்துக்கு. மூத்த பெண்ணுக்கு ஆறு வயசிருக்கும், அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். சின்னக் கண், பரந்த முகம். டவுன் சிண்ட்ரோம் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, என் ஆரஞ்சுப் பழத்தைத் தானே உரித்து, எனக்கு ஒரு சுளை, தனக்கு ஒரு சுளை என்று நேர்மையாகப் பங்கு போட்டாள்.

"தண்ணி எடுத்துப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். இதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இருந்திருந்தாலும் பெத்துக்கத்தான் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். முன்னாடியே தெரிஞ்சா ஒரு தயாரிப்பு இருக்குமில்ல, அதுக்குத்தான் பாத்தேன். இவ பொறந்தப்ப ஒண்ணுமே தெரியாம முழிச்சிட்டு நின்னோம்."

அந்த அக்காமேலும் எனக்குப் பொறாமை வந்தது. எது வந்தாலும் என்ன செய்வோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். ஆயாம்மாவிடம் திட்டு வாங்குவார். மறுபடியும் எட்டிப் பார்ப்பார். மாமியாரும் மலரும் கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்தார்கள். மலர் பூண்டு ரசம் வைத்து பிளாஸ்கில் கொண்டுவருவாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, சூடா குடிங்க" என்பாள். ரசம் நன்றாக இருக்கும். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

வயிற்றிலிருக்கும் பிள்ளைகளின் குறைகளை மட்டும் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்ட பெண்மணி. அவரே எனக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். தலை, தொடை எலும்பு, வயிறு என்று ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு என்னைச் சக்கர நாற்காலியில் தன் அறைக்குக் கூட்டிவரச் சொன்னார். கூடவே அம்மாவும் மாமியாரும் நுழைந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

"இவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது டாக்டர்" என்றார் அம்மா.

"தெரிஞ்சதைச் சொல்லட்டும்."

கதவு சாத்தியது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு டாக்டர் முன்னால் நான் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கடைசியா உனக்கு எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு? நீ சொல்லு."

யோசிக்கவே இல்லை. "ஆடி மொத ஞாயித்துக்கெழம டாக்டர். எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்க, என்னால போக முடியல."

"ஆனியில இல்லையா?"

"ஆனியிலயும் வந்துச்சு. ஆடியிலயும் வந்துச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜைமேல் அட்டையில் செய்த ஒரு சின்னச் சக்கரம் கிடந்தது, வாரக் கணக்குப் பார்ப்பதற்கு. அதைத் திருப்பினார். ஸ்கேன் படத்தைப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். அவர் முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒன்று வந்தது.

"இங்க ஜூன் மாசத் தேதி இருக்கே, யார் குடுத்தாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் யூரின் எடுக்கப் போன நேரத்தில் அம்மா மலரின் தேதியையே எனக்கும் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். ரத்தத்தில் அந்த மூன்று பொருள்களும் வாரத்துக்கு வாரம் மாறும். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எத்தனையாவது வாரம் என்று நாம் சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் இது ஜாஸ்தி, இது கம்மி என்று முடிவு பண்ணும். "உன் பிள்ளைக்குப் பதினஞ்சு வாரம். பத்தொம்பது வாரத்துப் பிள்ளையோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. ஏறுறது கம்மியாவும் இறங்குறது ஜாஸ்தியாவும்தான் தெரியும். வளர்ச்சி பத்தாத பிள்ளைன்னா அளவெல்லாம் முன்னபின்ன இருக்கும். உனக்குத் தலையும் காலும் வயிறும் ஒண்ணா பதினஞ்சுதான் சொல்லுது. சரியாத்தான் வளருது."

பக்கத்து இலையைப் பார்க்கிற புத்தி கம்ப்யூட்டருக்கும் உண்டு போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைமேல் தலையை வைத்து ஓவென்று அழுதேன்.

"இன்னும் பத்து நாள் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுப்போம், சரியான தேதியோட. அப்பவும் அது ஒரு சல்லடைதான், ஞாபகம் வெச்சுக்க. வாய்ப்பு கம்மின்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஜாஸ்தின்னா இருக்குன்னும் அர்த்தம் கிடையாது."

பிறகு வெளியே இருந்தவர்களைக் கூப்பிட்டார். அம்மாவும் மாமியாரும் வந்தார்கள், பின்னால் பிளாஸ்கோடு மலர். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: தேதி தப்பு, பிள்ளை உண்டானது ஆடியில். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆடியில தரிச்சதுன்னா சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்கன்னு..." அம்மாவுக்கு அழுகை முட்டியது. "மூத்தவ எம் பொண்ணு. அந்தப் பொண்ணுக்குப் பின்தங்கிட்டான்னு பேசிடுவாங்களேன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதப்போய் ரத்தத்துல பாப்பாங்கன்னு நான் கண்டனா?"

என் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் அதற்கப்புறம் யாரையும் கேட்டதில்லை. அம்மாவின்மேல் எனக்கு வந்த கோபம் தீர ரொம்ப நாள் ஆனது. ஒரு பொய்த் தேதிக்காக என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லத் தலையாட்டினாரே. ஆனால் அந்த நிமிஷம் அவர் நடுங்கியதைப் பார்க்கவும் எனக்கு ஆகவில்லை.

மாமியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். சித்திரை என்று அவர் உதடு அசைந்தது. பிறகு எழுந்து கதவைத் திறந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு டபுள் டூட்டின்னு சொன்னியேடா, படுபாவி!"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. மாமியாரும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "பொழச்சுக் கெடந்தா சரி, எந்த மாசமா இருந்தா இன்னா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எடுத்துக்கொடுத்த மட்ட நிறப் புடவைகளை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அம்மாவும் மாமியாரும் சாப்பிடப் போனார்கள். மலர் மட்டும் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. என் பிள்ளை நல்லபடியாக இருப்பது இவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

"அக்கா, மூத்தார் அன்னிக்கு எந்த பஸ்ல வந்தாரு?"

"தெரியல. கூட்டமாம், நின்னுக்கிட்டே வந்தாராம். அம்மா கொள்ளிடத்துக்குப் படையல் போடப் போயிருந்தாங்க. எனக்குத் தலைவலின்னு நான் போகல."

"இன்னா வாங்கியாந்தாரு?"

"பூவும் பரோட்டா பார்சலும். பூவு வாடிப்போச்சு."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இருப்புக் கொள்ளல சுமதி, வந்துட்டேன்னாரு."

மலரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "செல்போன் கடை வெச்சிருக்காருக்கா எங்க வீட்டுக்காரரு. ஆடி முழுக்க ஒரு போன் பண்ணல. எனக்கு ரிப்போர்ட்டு நல்லா வந்திருக்குன்னு சொன்னப்ப, கடையில ஆளு நிக்குது, சரின்னு வெச்சிட்டாரு. உங்களுக்கு ரிப்போர்ட்டு மோசமா வந்ததும் மூத்தார் வேலைக்கே போகாம இந்த பெஞ்சிலயே கெடந்தாரு. எனக்கும் மோசமா வந்திருந்தா எங்க வீட்டுக்காரரு வந்து உக்காந்திருப்பாரான்னு நெனச்சேன்க்கா. பாவி மாதிரி நெனச்சேன்."

நான் அவளுடைய 'நார்மலு'க்கு ஏங்கிய அத்தனை நாளும் அவள் என்னுடைய பெஞ்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அதோடு கூடக் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள்! பிளாஸ்கிலிருந்து ரசத்தை ஊற்றி முதல் வாய் அவளுக்குக் கொடுத்தேன்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் வாய்ப்பு குறைவு என்று வந்தது. பங்குனியில் மலருக்குப் பையன். சித்திரையில், நல்ல கத்திரி வெயிலில், எனக்குப் பெண். இரண்டும் நன்றாக இருந்தன. பக்கத்துக் கட்டில் அக்காவின் பெண் என் மகளை மடியில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஊர் எது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்றே ஒன்று. டாக்டர் தேதி கேட்டால் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, எந்த மாசமாக இருந்தாலும் சரி.

மலர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன வருஷம் அவளுக்கு இரண்டாவது. பெயர் பதியப் போகும்போது நானும் மாமியாரும் கூடப் போனோம். நர்ஸ் கேட்டதும் மாமியார் வாயைத் திறந்தார். மலர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள். ஆடி மாசத் தேதி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஆடியில் அவள் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு விருத்தாசலம் போய் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாளே.

வெளியே வந்ததும் என் காதில் சொன்னாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு கடையப் பூட்டிட்டு வந்துட்டாருக்கா. விருத்தாசலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாராம்."

அவள் முகம் அப்படி ஜொலித்தது. நான் சிரித்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நல்லாயிரு என்றேன். ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரத்தைவிட விருத்தாசலம் தூரம். அதை நினைத்து நினைத்து வீடு வரும்வரை எனக்கு வயிறு எரிந்தது.